பழைய மோட்டார் வண்டியைப் புதுக்குதல்

கோயிலொன்று பழுதடைந்தவிடத்து அதற்குத் திருப்பணி செய்யப் புகுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணுதல் வேண்டும். சிதைந்த சிற்பத்தை உள்ளவாறே பேணுவதா, அன்றி அதனை அகற்றிவிட்டுப் புதியதொன்றை அவ்விடத்தில் நிறுவுவதா என்பதே அவ்வினா. பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போருக்கும் இத்தகைய தயக்கம் உண்டு. செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவதா, தம் ஊகத்தைக் கொண்டு நிரப்புவதா என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பர். இயந்திர யுகத்தின் படைப்பாகிய மோட்டார் வண்டியைப் புதுக்குவோரும் இதே வினாவையே எதிர்நோக்குகின்றனர் என்றால் அது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் உண்மை அதுவே. பழைய வண்டியொன்றை மீண்டும் ஓடச் செய்தல் ஒன்று. அதன் இயல்பு குன்றாமல் அதனை மீட்டெடுத்தல் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறிவதற்கு, 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவான ஆடம்பர வண்டிகளுள் ஒன்றை எடுத்து நோக்குவது பயன் தரும்.

அமெரிக்காவின் போர்ட் கம்பனி தன் உயர்தர வண்டிகளை லிங்கன் என்னும் பெயரால் விற்றுவந்தது. 1950களின் இறுதியில் அவ்வண்டிகள் அளவுக்கு மீறிப் பருத்து, அலங்காரம் மிகுந்து, விற்பனையிற் பின்னடைந்தன. அந்நிலையில், பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக விளங்கிய றொபேட் மக்நமாரா அக்கம்பனியின் தலைமை அதிகாரிகளுள் ஒருவராய் இருந்தார். தண்டர்பேட் என்னும் மற்றொரு வண்டிக்கென எல்வூட் எங்கல் என்னும் வடிவமைப்பாளர் ஆக்கியிருந்த மாதிரி உருவொன்று அவர் கண்ணிற் பட்டது. அதனையே லிங்கனாக்கலாம் என அவர் எண்ணினார். இவ்வாறு பிறந்ததே 1961ஆம் ஆண்டின் லிங்கன் கொன்டினென்டல் ஆகும். முன்னைய ஆண்டின் வண்டியிலும் அது ஓரடிக்கு மேல் நீளங் குறைந்தது. அதன் பக்கங்கள் வேண்டாத வளைவுகளின்றி நேராய் அமைந்தன. பின் கதவுகள் பின்புறத்திலே கீல் பூட்டப்பெற்று, முன் கதவுகளுக்கு எதிர்த் திசையில், பேழையின் இரு கதவுகள் போலத் திறந்தன. மிச்சிக்கன் மாநிலத்திலுள்ள விக்சம் என்னும் ஊரின் ஆலையில் அது செய்யப்பட்டது. ஆலையை விட்டு வெளியேறுமுன் ஒவ்வொரு வண்டியும் ஏறத்தாழ 12 மைல் தூரம் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு அல்லது 24,000 மைலுக்கு உத்தரவாதமும் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் அது பெரிய வாக்குறுதியாகும்.

இவ்வரிசையில் நான்கு கதவுகளும், மடித்து மறைக்கத்தக்க துணிக்கூரையும் கொண்ட திறந்த வண்டியொன்றும் இருந்தது. அது கடைசியாகச் செய்யப்பட்டது 1967ஆம் ஆண்டின் மாதிரியிலாகும். அவ்வாண்டில் 2,276 வண்டிகளே உருவாயின. நீளம் பதினெட்டு அடிக்கு மேல். நிறை ஏறத்தாழ இரண்டரைத் தொன். எட்டு உருளைகள் கொண்ட அதன் இயந்திரத்தின் கொள்ளளவு 462 கன அங்குலம்; அஃதாவது, ஏழரை லீற்றருக்குச் சற்று மேற்பட்டது. வலு 340 குதிரைவலு எனக் கணிக்கப்பட்டது. இத்தகைய வண்டியொன்று பல ஆண்டுகள் கொட்டிலிற் கிடந்து, கறள் பிடித்து, எலி கடித்த இருக்கைகளோடு புதுக்குவோர் கைக்கு வருகின்றது எனக் கொள்வோம். அவர் செய்யத்தக்கது யாது?

முதற்கண் செய்யவேண்டியது ஆயுதத்தைக் கையில் எடுப்பதன்று. வண்டியை வாசித்து அறிவதாகும். ஒவ்வொரு வண்டிக்கும் ஆலையில் ஓர் அடையாள எண் பொறிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டின் லிங்கனில் அவ்வெண்ணின் முதல் இலக்கம் ஏழு. அது ஆண்டைக் குறிக்கும். அடுத்து வரும் எழுத்து விக்சம் ஆலையைக் குறிக்கும். அதன்பின் 82 என்றிருந்தால் மூடிய வண்டி. 86 என்றிருந்தால் திறந்த வண்டி. அதனைத் தொடரும் எழுத்து இயந்திரத்தின் வகையை உணர்த்தும். இஃதன்றி, கதவருகே பொருத்தப்பட்ட சிறு தகட்டில் வண்டியின் நிறம், இருக்கைகளின் வகை, செய்யப்பட்ட நாள் முதலியன குறியீடுகளாகக் காணப்படும். இதனை அவ்வண்டியின் சாதகக் குறிப்பு எனலாம். வெளியே வெண்ணிறம் பூசியிருக்கும் வண்டி பிறக்கும்போது கருநீலமாய் இருந்தது என்பதை இத்தகடு காட்டிக்கொடுக்கும். மூடிய வண்டியொன்றின் கூரையை அறுத்து எவரேனும் திறந்த வண்டியாக்கியிருந்தால் அந்தக் கள்ளமும் இவ்வெண்ணால் வெளிப்படும்.

அடுத்தது, பிரித்தெடுத்தல். இது எளிய வேலை போலத் தோன்றும். ஆனால் பல புதுக்கல் முயற்சிகள் இடைநடுவில் நின்றுபோவது இக்கட்டத்திலேயாம். வண்டியை ஒரு வாரத்திற் கழற்றிவிடலாம். கழற்றிய ஆயிரக்கணக்கான துண்டுகளை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பூட்டும்போது எது எங்கேயிருந்தது என்பது நினைவில் நில்லாது. ஆதலின் அனுபவமுடையோர் ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் பல கோணங்களிற் படம் எடுப்பர். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளிலிட்டு, பெயரும் இடமும் எழுதிவைப்பர். கழற்றிய உதிரிப்பாகம் பழுதுபட்டதாயினும் அதனை வீசிவிடார். புதியது செய்வதற்கு அதுவே அளவுகோலாகும்.

உடல் வெளிப்பட்டதும் தெரியவருவது கறள். இரும்பு, நீரோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்ந்து அழிவதே கறள் பிடித்தல். உப்பு கலந்தால் இவ்வழிவு விரைவுபடும். அமெரிக்காவின் வட மாநிலங்களிற் பனிக்காலத்தில் வீதிகளில் உறைபனியைக் கரைத்தற்காக உப்பைத் தூவுவர். அவ்வுப்பு நீர் வண்டியின் அடியிலே தெறித்து மடிப்புகளுட் புகுந்து தங்கும். எனவே மிச்சிக்கனில் வாழ்ந்த வண்டியின் தரைத்தகடு சல்லடையாய் இருக்க, அரிசோனாவின் பாலைநிலத்தில் வாழ்ந்த வண்டியின் தகடு பழுதின்றி இருக்கும். ஆனால் பாலைநில வண்டியிலோ தோல் இருக்கைகள் வெயிலில் வெடித்திருக்கும்.

லிங்கனிற் கறள் பிடித்தல் மற்றைய பல வண்டிகளிலும் கொடியது. அக்காலத்து அமெரிக்கப் பெருவண்டிகள் பலவற்றில் இரும்புச் சட்டமொன்று தனியே இருந்தது. உடல் அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டது. லிங்கன் கொன்டினென்டலில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தரையும் பக்கப் படிகளும் சுவர்களும் ஒன்றாய் இணைந்தே பாரத்தைத் தாங்கின. திறந்த வண்டியில் உறுதியளிக்கும் கூரையும் இல்லை. ஆதலால் கதவுகளின் கீழேயுள்ள பக்கப் படிகள் அரித்துப்போனால், முதுகெலும்பு தளர்ந்த விலங்கு போல வண்டி நடுவே தொய்யும். முன் கதவும் பின் கதவும் ஒரே நடுத்தூணிற் பூட்டிக்கொள்வதால் சிறு தொய்வும் உடனே வெளிப்படும். கதவு சாத்தினால் மூடாது, மூடினால் திறவாது. இதனை அறியாத வேலையாள் அரித்த தகட்டை அப்படியே வெட்டியெடுத்தால், எஞ்சிய உடல் வளைந்துவிடும். வளைந்த நிலையிலே புதுத் தகடு ஒட்டப்பட்டால் அக்கோணல் நிரந்தரமாகும். ஆகவே முதலிற் கதவு வாயில்களின் குறுக்கே இரும்புத் தாங்கிகளை ஒட்டி, உடலின் வடிவத்தை அசையாமல் நிறுத்திய பின்னரே வெட்டத் தொடங்குவர். ஒரு பக்கத்தை முடித்து, கதவுகளைப் பூட்டிப் பார்த்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவர்.

இலட்சக்கணக்கில் விற்பனையான வண்டிகளுக்குப் புதுத் தகடுகள் செய்து விற்போர் உளர். லிங்கனுக்கு அவ்வசதி குறைவு. ஆதலால் ஒன்றிற் புதுத் தகட்டைக் கையால் அடித்துச் செய்தல் வேண்டும். அல்லது மீட்க முடியாத மற்றொரு வண்டியிலிருந்து அப்பகுதியை வெட்டியெடுத்தல் வேண்டும். ஒரு வண்டி வாழ்வதற்கு மற்றொன்று தன் உறுப்புகளைத் தருகின்றது.

உடல் சீரானதும் நிறம் பூசுதல் தொடங்கும். பழைய பூச்சை நீக்குவோர் இங்கே எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். அக்காலத்துப் பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. தகடுகளின் பொருத்துவாய்களையும் ஈயக் கலவையை உருக்கியே மெழுகினர். அத்தூளைச் சுவாசித்தல் உடலுக்குக் கேடு. அடுத்து எழுவது அளவு பற்றிய வினா. இந்நாட் பூச்சுகளின் பளபளப்பு அந்நாளைய எனாமலின் பளபளப்பிலும் மிக்கது. தகடுகளிடையே ஆலை விட்ட இடைவெளிகளையும் இன்று மேலும் சீராக்கலாம். அவ்வாறு செய்தால் வண்டி கண்ணைப் பறிக்கும். ஆனால் விக்சம் ஆலையிலிருந்து எந்நாளும் அத்தகைய வண்டி வெளிவந்ததில்லை. அளவு கடந்த இப்புதுக்கலும் ஒருவகைப் பொய்யே என்பர் இத்துறை அறிந்தோர்.

முலாம் பூசிய உறுப்புகள் வேறொரு தொல்லை தருவன. முன்முகத்தின் அலங்காரத் துண்டுகள், விளக்குச் சட்டங்கள் ஆகியவை பெரும்பாலும் நாகத்தை முதன்மையாகக் கொண்ட கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்டவை. அவற்றின்மேல் முறையே செம்பு, நிக்கல், குரோமியம் என மூன்று படலங்கள் ஏற்றப்பட்டன. காலப்போக்கிற் படலத்தின் நுண்ணிய வெடிப்புகளூடாக ஈரம் புகுந்து, உள்ளேயுள்ள உலோகத்தை அரித்து, அம்மைத் தழும்பு போன்ற குழிகளை உண்டாக்கும். ஒவ்வொரு குழியையும் சுரண்டித் துப்புரவாக்கி, நிரப்பி, தேய்த்து, மீண்டும் மூன்று படலங்களை ஏற்றுதல் வேண்டும். இவ்வேலைக்கு ஆகும் செலவு பல வேளைகளில் இயந்திரத்தைச் சீர்செய்யும் செலவுக்கு ஒப்பாகும். முலாமிடுவதற்குப் பயன்படும் குரோமியச் சேர்வை புற்றுநோயை விளைவிக்கவல்லது. ஆதலால் அதற்கான கட்டுப்பாடுகள் இறுகிவருகின்றன. அலங்கார முலாமிடலில் 2027ஆம் ஆண்டு தொடக்கம் அச்சேர்வையை விலக்கும் விதியைக் கலிபோர்ணியா மாநிலம் 2023இல் இயற்றியது. சுற்றாடலுக்கு நல்லதொரு காரியம் பழைய கைத்தொழிலொன்றுக்கு முடிவாயமைவதும் உண்டு.

இயந்திரமோ, தோற்றத்தில் அச்சமூட்டினும், புதுக்குவோருக்கு ஓரளவு நட்பானதே. தேய்ந்த உருளைகளைச் சிறிது அகலமாகக் கடைந்து, பெரிய முசலங்களைப் பொருத்தலாம். தேய்ந்த தாங்கிகளை மாற்றலாம். புதிய இடர் எரிபொருளிலிருந்து வந்தது. 1967இல் விற்கப்பட்ட பெற்றோலில் ஈயச் சேர்வை கலந்திருந்தது. அது இயந்திரம் தட்டுவதைத் தடுத்ததோடு, வால்வுகள் அமரும் இருப்பிடங்கள் தேயாமலும் காத்தது. அமெரிக்காவில் வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முற்றாக விலக்கப்பட்டது. ஆதலால் இயந்திரத்தைப் பிரிக்கும்போதே வால்வுகளின் இருப்பிடங்களிற் கடினமான உருக்கு வளையங்களைப் பதித்துவிடுவது வழக்கமாயிற்று. இந்நாட் பெற்றோலிற் கலக்கப்படும் மதுசாரம் பழைய இறப்பர்க் குழாய்களை இளக்கிச் சிதைக்கும். ஆகவே அவற்றையும் மாற்றுதல் இன்றியமையாதது. இம்மாற்றங்கள் வெளியே புலப்படா. வண்டியின் தன்மையையும் கெடுக்கமாட்டா.

திறந்த லிங்கனின் மெய்யான சோதனை அதன் கூரையே. ஓட்டுநர் ஓர் ஆளியை அழுத்தினால் பின்புறப் பெட்டகத்தின் மூடி பூட்டவிழ்ந்து, வழக்கத்துக்கு மாறாகப் பின்னோக்கி எழும். கூரையின் முன்விளிம்பு முகப்புக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து தானாகவே கழன்று விடுபடும். பின்பு கூரை எழுந்து, பின்னோக்கி மடிந்து, பெட்டகத்துள் இறங்கும். இறுதியில் மூடி அதன்மேற் கவிந்து பூட்டிக்கொள்ளும். மனிதக் கை எதுவும் தீண்டுவதில்லை. மின்மோட்டார்களும், எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் உருளைகளும், பத்துக்கு மேற்பட்ட றிலேக்களும் ஆளிகளும் சேர்ந்து இதனை நிறைவேற்றின. கணிப்பொறி எதுவும் வண்டிகளில் இல்லாத காலம் அது. ஒவ்வொரு செயலும் முடிந்ததும் அவ்விடத்திலுள்ள ஆளி அழுத்தப்பட்டு, அடுத்த செயலுக்கு மின்னோட்டம் திறந்துவிடப்படும். சங்கிலியில் ஒரு கண்ணி தவறினாலும் கூரை நடுவானில் நின்றுவிடும்.

அவ்வாறு நின்ற கூரையைக் கண்டு பதறி மோட்டார்களையும் எண்ணெய்ப் பம்பிகளையும் மாற்றுவோர் பணத்தை இழப்பர். பழுது பெரும்பாலும் ஓர் அழுக்கடைந்த தொடுகையிலோ, சற்றே இடம் விலகிய ஆளியிலோ இருக்கும். மின்சுற்றுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, செயல்களை வரிசையாய் நடத்திப் பார்த்து, எந்தச் செயலின் பின் ஓட்டம் அற்றது என்று காண்பதே வழி. நோயாளியின் சொல்லைக் கேளாமல் மருந்து கொடுக்கும் வைத்தியனுக்கும், படத்தைப் பாராமல் உறுப்பை மாற்றும் திருத்துநனுக்கும் வேற்றுமை இல்லை. இவ்வண்டியின் முகப்புக் கண்ணாடித் துடைப்பான்களும் மின்சாரத்தால் இயங்குவனவல்ல. சுக்கானுக்கு உதவும் பம்பியின் எண்ணெய் அழுத்தமே அவற்றை அசைத்தது. இவற்றை எடுத்தெறிந்து மின்மோட்டாரைப் பொருத்துதல் எளிது. ஆனால் அந்நாளைய பொறியியலாளரின் சிந்தனை அங்கேதான் உறைந்திருக்கின்றது. அதனை எறிந்தால் எஞ்சுவது தோற்றம் மட்டுமே.

அங்ஙனமாயின் எதனையும் மாற்றலாகாதா? அவ்வாறும் கூறுதற்கில்லை. உயிருக்கு இடர் வருமிடத்தில் பழமை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். பழைய பிறேக்குகளிற் கல்நார் கலந்த பட்டைகள் இருந்தன. அத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அவற்றைக் கல்நாரற்ற பட்டைகளால் மாற்றுவது கடமை. பிறேக்கின் இறப்பர்க் குழாய்கள் பார்வைக்கு நன்றாயிருப்பினும் உள்ளே அடைபட்டிருக்கும். இரண்டரைத் தொன் எடையை நிறுத்துவதற்கு அவற்றை நம்புதல் மடமை. குளிரூட்டும் கருவியில் இருந்த வாயு, மேல்வானின் ஓசோன் படலத்தை அழிப்பது எனக் கண்டறியப்பட்டது. 1987இல் ஆன மொன்றியல் உடன்படிக்கையின் வழியாக, அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995இன் இறுதியோடு நின்றது. ஆகவே அக்கருவியும் வேறு வாயுவுக்கு ஏற்பத் திருத்தப்படுகின்றது.

எங்கே காப்பது, எங்கே மாற்றுவது என்னும் இவ்வினாவுக்கு உலகம் முழுவதுக்கும் பொதுவான நெறியொன்றை வகுக்கவும் முயற்சி நடந்துள்ளது. தொன்மைக் கட்டடங்களைப் பேணுவது பற்றி 1964இல் வெனிஸ் நகரில் ஒரு சாசனம் உருவாயிற்று. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. உள்ளதைப் பேணுவதே முதற் கடன். புதுக்குதல் தேவையானவிடத்து மட்டும் நிகழ்தல் வேண்டும். செய்த வேலைகள் யாவும் எழுத்திற் பதிவாதல் வேண்டும் என்பன அதன் சாரமாகும். தோல் இருக்கை சுருங்கி மங்கியிருப்பினும் கிழியாதிருந்தால், அதனை மெருகிட்டுக் காப்பதே மேல் என்பது இந்நெறியின் வழி வரும் முடிவு. புதுத் தோலை எந்நாளும் வாங்கலாம். ஐம்பது ஆண்டு அமர்ந்தெழுந்த தோலை எவராலும் செய்ய இயலாது.

இந்நெறியின் ஆழத்தை உணர்த்த லிங்கன் வண்டி ஒன்றே போதும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி பயணஞ் செய்த வண்டி, 1961ஆம் ஆண்டின் திறந்த கொன்டினென்டலை நடுவே வெட்டி நீட்டி ஆக்கப்பட்டது. ஒகையோ மாநிலத்துச் சின்சினாற்றி நகரிலிருந்த ஹெஸ் அன் ஐசன்ஹாட் என்னும் நிறுவனம் அவ்வேலையைச் செய்தது. 1963 நவம்பர் 22ஆம் நாள் டலஸ் நகரில் அவர் சுடப்பட்டது அவ்வண்டியிலேயாம். அதன் பின்னர் வண்டி அழிக்கப்படவில்லை. கவசத் தகடுகளும் நிலையான கூரையும் பொருத்தப்பட்டு மீளவும் பணியில் ஈடுபடுத்தப்பட்டது. 1977 வரை பின்வந்த ஜனாதிபதிகளுக்கும் பயன்பட்டது. இப்போது அது டியர்போண் நகரில் ஹென்றி போர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. மக்கள் மனத்திற் பதிந்திருப்பது கருநீல நிறமான திறந்த வண்டி; அங்கே காண்பதோ கரிய நிறமான மூடிய வண்டி. அருங்காட்சியகத்தார் விரும்பியிருந்தால் அதனை 1963இன் தோற்றத்துக்குக் கொண்டுவர முயன்றிருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் பிந்திய ஆண்டுகளின் வரலாறு அழிந்து, நாடகக் காட்சிப் பொருளொன்றே மிஞ்சியிருக்கும். வண்டி கடந்துவந்த வாழ்வு முழுவதும் அதன் மேனியில் நிற்கும்படி அவர்கள் விட்டுவைத்தனர்.

விக்சம் ஆலை 2007இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தோரின் கைப்பழக்கம் நூல்களில் முழுமையாய் இல்லை. அவர்கள் பொருத்திய திருகாணிகளிலும், மெழுகிய மூட்டுகளிலும், சுண்ணக்கட்டியால் உள்மறைவில் இட்ட குறிகளிலுமே எஞ்சியிருக்கின்றது. 1953இல் அமைந்த லிங்கன் கொன்டினென்டல் உரிமையாளர் கழகம் போன்ற சங்கங்கள் பழைய கைநூல்களையும் உறுப்புகளையும் பற்றிய அறிவைப் பேணி, இளைய தலைமுறைக்கு அளித்துவருகின்றன. புதுக்கலுக்குச் செலவிடும் பணம் வண்டியை விற்றாற் கிடைக்கும் பணத்திலும் பெரும்பாலும் மிகுதியாகவே இருக்கும். ஆகவே இலாபங் கருதி இதில் இறங்குவோர் ஏமாற்றமே அடைவர்.

புதுக்கி முடித்த வண்டியைப் போர்வையிட்டுப் பூட்டிவைத்தலும் தகாது. ஓடாத வண்டியில் இறப்பர் இறுகும், எண்ணெய் வடியும், கூரையின் ஆளிகள் மீண்டும் அழுக்கடையும். இடையிடையே அதனை வீதியில் ஓட்டுதலும், கூரையைத் திறந்து மூடுதலும் பராமரிப்பின் பகுதிகளே. அதனோடு, எவ்வுறுப்பு பழையது, எவ்வுறுப்பு புதியது, மாற்றியதற்குக் காரணம் யாது என்பவற்றை எழுதிய ஏடொன்றும் வண்டியிலேயே இருத்தல் வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டின் பின் அவ்வண்டியைப் பிரிக்கப்போகும் முகமறியாத ஒருவருக்கு, முன்னையோர் எங்கே காத்தனர், எங்கே விட்டுக்கொடுத்தனர் என்பதை அந்த ஏடே தெரிவிக்கும்.